டார்செட் பட்டனும் அயர்லாந்துப் பூவும்

குரோஷா போடுபவர்களைக் கேட்டுப் பாருங்கள். பின்னுவதைவிட, பின்னி முடித்த பிறகு பட்டன் வைப்பதுதான் கண்ணைக் கட்டும் என்பார்கள். சட்டைத் துணியில் தைப்பது மாதிரி இதில் தைக்க முடியாது. பின்னல் நெகிழும். கனமான பட்டன் வைத்தால் அந்த இடம் மட்டும் தொங்கும். இறுக்கித் தைத்தால் சுருங்கும். அதனால் பட்டனுக்கும் பின்னலுக்கும் நடுவில் நூலைச் சுற்றி ஒரு சின்னக் கழுத்து விட்டு, உள்பக்கம் தாங்கலுக்கு ஒரு குட்டிப் பட்டனும் சேர்த்துத் தைப்பார்கள். ஒரே நிம்மதி, தனியாகக் காஜா எடுக்க வேண்டியதில்லை. பின்னும்போதே ரெண்டு மூணு சங்கிலி போட்டு, கீழே அதே அளவு தையலைத் தாண்டிவிட்டால் காஜா தயார்.

எனக்குப் பின்னத் தெரியாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சித்தி பின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்து நூல் உருண்டையைப் பிடித்த அனுபவம் மட்டும்தான் :-) ஆனால் பின்னலுக்குப் பொருத்தமான பட்டன் எது என்று தேடிப் போனபோது ஒரு பழைய தொழிலின் கதை கிடைத்தது. கூலி, கமிஷன், ஏஜெண்ட், ஏற்றுமதி, கடைசியில் மொத்தமாகக் கடையைக் கட்டியது என்று நம்ம பி.காம். பாடம் முழுக்க அதற்குள்ளே இருக்கிறது.

பின்னலுக்கு மிகவும் பொருந்துவது நூலாலேயே செய்த பட்டன். கனமே இருக்காது, துணியோடு சேர்த்துத் துவைக்கலாம், உடையாது. இங்கிலாந்தின் தென்மேற்கே டார்செட் என்ற மாவட்டத்தில் இதை ஒரு பெரிய தொழிலாகவே இருநூறு வருஷத்துக்கு மேல் நடத்தினார்கள். 1622ல் ஷாஃப்ட்ஸ்பரி என்ற ஊரில் ஆபிரகாம் கேஸ் என்பவர் ஆரம்பித்து வைத்தார். ராணுவ வீரராக ஐரோப்பாவில் இருந்தபோது அங்கே துணி சுற்றிய பட்டன்களைப் பார்த்துவிட்டு வந்தவர் என்று சொல்வார்கள். அந்த ஊர் ஆட்டுக்கிடாவின் கொம்பை வட்டமாக வெட்டி, மேலே துணி போர்த்தி, ஊசியும் நூலும் வைத்துக் கோபுரம் மாதிரி எழுப்பிய பட்டன் அது. முதலாம் சார்லஸ் மன்னர் 1649ல் தலை வெட்டப்பட்ட அன்று போட்டிருந்த உள்சட்டையில்கூட டார்செட் பட்டன்தான் இருந்ததாம். உண்மையோ பொய்யோ, மார்க்கெட்டிங்குக்கு இதைவிட என்ன வேண்டும்?

18ம் நூற்றாண்டில் கொம்பு போய் கம்பி வளையம் வந்தது. பர்மிங்காமிலிருந்து கம்பி வரும். சின்னப் பிள்ளைகள் அதைச் சுற்றி வளையமாக்குவார்கள். இன்னும் சில பிள்ளைகள் வாய் திறந்திருக்கும் இடத்தை ஈயப்பற்றில் முக்கி ஒட்டுவார்கள். வேறு சிலர் எண்ணிக் கோர்த்துக் கட்டுவார்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனி ஆள். ஆடம் ஸ்மித் 1776ல் குண்டூசித் தொழிற்சாலையை வைத்து வேலைப் பிரிவினையைப் பற்றி எழுதினார் என்று நாமெல்லாம் படித்திருக்கிறோம். அவர் டார்செட் பக்கம் போயிருந்தால் பட்டனை வைத்தும் எழுதியிருக்கலாம்.

பட்டன் செய்யும் முறை நாலு கட்டம். முதலில் வளையத்தைச் சுற்றி, கம்பியே தெரியாதபடி நெருக்கமாகக் காஜா தையல் போட வேண்டும். இரண்டாவது, அந்தத் தையலின் முடிச்சு வரிசையை விரலால் உள்பக்கம் திருப்பிவிட வேண்டும். இதனால் வெளி விளிம்பு வழுவழுப்பாகிவிடும், காஜாவில் சிக்காது. மூன்றாவது, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி நூலைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்து நடுவில் ஒரு முடிச்சு. நாலாவது, நடுவிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு காலையும் சுற்றிச் சுற்றி விளிம்பு வரை நிரப்ப வேண்டும். முடித்துப் பார்த்தால் குட்டிச் சக்கரம். பெயரும் அப்படித்தான், 'பிளாண்ட்ஃபோர்ட் கார்ட்வீல்', அதாவது பிளாண்ட்ஃபோர்ட் வண்டிச்சக்கரம். தேன்கூடு, பறவைக்கண் என்றெல்லாம் வேறு வகைகளும் உண்டு.

கை தேர்ந்த பெண் ஒரு நாளைக்கு ஆறேழு டஜன் செய்வாள். கணக்கு ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பட்டனுக்கு. அப்படியென்றால் ஒரு குரோஸுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு நாள். சுத்தமான பீஸ் ரேட்!

கூலி எவ்வளவு? டார்செட் பட்டனின் வரலாற்றை எழுதுபவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வது இது: வயலில் கூலிக்குப் போனால் ஒரு நாளைக்கு 9 பென்ஸ், வீட்டில் உட்கார்ந்து பட்டன் செய்தால் கைத்திறனைப் பொறுத்து 2 ஷில்லிங் வரை. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஆக 9க்கு 24. வெயிலிலும் மழையிலும் நிற்காமல், குழந்தையையும் பார்த்துக்கொண்டு இரண்டரை மடங்குக்கு மேல் சம்பாத்தியம். வயல் வேலைக்குப் பெண்கள் கிடைப்பதில்லை என்று பண்ணைக்காரர்கள் புலம்பியதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் இந்த 2 ஷில்லிங்கை அப்படியே நம்ப எனக்கு மனசு வரவில்லை. நல்ல கைக்கு, நல்ல சரக்குக்கு, நல்ல காலத்தில் கிடைத்த உச்சக் கூலியாகத்தான் அது இருக்க வேண்டும். இன்னொன்று, பல ஊர்களில் கூலி காசாகவே வரவில்லை. பட்டன் வாங்கும் ஏஜெண்டே மளிகைக் கடையோ துணிக்கடையோ வைத்திருப்பார். பட்டனைக் கொடுத்தால் பதிலுக்குக் கடைச் சாமான். விலையும் அவர் வைத்ததுதான். பட்டனுக்கும் அவர் சொன்ன விலை, சர்க்கரைக்கும் அவர் சொன்ன விலை. ரெண்டு பக்கமும் லாபம். நம்ம ஊர் அண்ணாச்சி கடைக் கணக்கு நோட்டு இதற்கு எவ்வளவோ மேல்.

ஆபிரகாம் கேஸின் குடும்பத்தார்தான் வெகுகாலம் இந்த வியாபாரத்தின் தலைமை. 1740களில் அவர்களுடைய மேனேஜர் ஜான் கிளேட்டன் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார். லண்டனில் அலுவலகம் திறந்தார், மாவட்டம் முழுக்கச் சேகரிப்பு மையங்கள் வைத்தார். குறிப்பிட்ட நாளில் ஏஜெண்ட் வந்து உட்காருவார், சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் எல்லாம் நடந்து வந்து சரக்கைக் கொடுத்துவிட்டுப் புது வளையமும் நூலும் வாங்கிப் போவார்கள். வந்த பட்டன்களைத் தரம் பிரித்து அட்டையில் தைப்பார்கள். ஏற்றுமதிக்குப் போகும் முதல் தரம் ரோஸ் அட்டையில், அடுத்தது கருநீலத்தில், கடைசித் தரம் மஞ்சளில். அட்டையின் கலரைப் பார்த்தே விலை சொல்லிவிடலாம். 19ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷாஃப்ட்ஸ்பரி வட்டாரத்தில் மட்டும் 4,000 பெண்களும் பிள்ளைகளும் இந்த வேலையில் இருந்ததாகக் கணக்கு.

ஒரு பட்டனை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை தெரிந்தவள் அந்தப் பெண்தான். ஆனால் அவளுக்கு லண்டனில் அது என்ன விலைக்குப் போகிறது, வெளிநாட்டில் யார் வாங்குகிறார்கள் என்பது தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி மெஷின். வழக்கமாகச் சொல்லப்படும் கதை இப்படி: 1851ல் லண்டன் ஹைட் பார்க்கில் பெரிய கண்காட்சி நடந்தது. கண்ணாடி மாளிகை கட்டி உலகத்துச் சரக்கையெல்லாம் கொண்டு வந்து வைத்தார்கள். மே 1 முதல் அக்டோபர் 15 வரை 60 லட்சம் பேர் பார்த்தார்கள். அங்கே பட்டன் செய்யும் மெஷினும் வைக்கப்பட்டது, அதோடு டார்செட் பட்டன் தொழில் ஒரே நாளில் செத்துப்போனது.

கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 'ஒரே நாளில்' என்பது சரியாக வரவில்லை. பர்மிங்காமில் ஜான் ஆஸ்டன் (சில புத்தகங்களில் ஆஷ்டன்) லினன் பட்டனுக்குக் காப்புரிமை வாங்கியது 1841ல். கண்காட்சிக்குப் பத்து வருஷம் முன்னால்! வட்டமாக வெட்டிய லினன் துணித் துண்டுகளையும் ஒரு உலோக வளையத்தையும் அச்சில் வைத்து ஒரு அழுத்து, பட்டன் முடிந்தது. துவைக்கலாம், உடையாது, கனம் இல்லை. டார்செட் பட்டனின் எல்லா நல்ல குணமும் இதற்கும் உண்டு, விலை மட்டும் எங்கேயோ கீழே. ஆக, தொழில் 1840களிலேயே உள்ளுக்குள் இளைக்கத் தொடங்கியிருக்க வேண்டும். 1851ல் அது எல்லோருக்கும் தெரிந்துபோனது, அவ்வளவுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஏன் சமாளிக்க முடியவில்லை? டார்செட் பட்டன் அழகுக்காக விற்றது பழைய கோபுரப் பட்டன் காலத்தில். பிற்காலத்தில் பெருவாரியாகப் போனது உள்சட்டைக்கும் குழந்தைத் துணிக்கும் படுக்கை விரிப்புக்கும்தான். வெளியே தெரியாத இடத்தில் இருக்கிற பட்டனுக்குக் கூட ரெண்டு பென்ஸ் கொடுக்க எவரும் தயாராக இல்லை. ஒன்று போலவே இன்னொன்று இருக்க வேண்டும் என்பதுதான் பட்டனுக்கு முதல் தகுதி. அந்தத் தகுதியில் கையைவிட மெஷின் கெட்டி.

விளைவு மோசமாக இருந்தது. வயல் கூலியை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாமல்தான் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் பட்டன் செய்துகொண்டிருந்தார்கள். இங்கிலாந்திலேயே விவசாயக் கூலி மிகக் குறைவான மாவட்டங்களில் டார்செட்டும் ஒன்று. 1834லேயே கூலி உயர்வுக்குச் சங்கம் சேர்ந்ததற்காக டால்பட்டில் என்ற கிராமத்து ஆட்கள் ஆறு பேரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்திய மாவட்டம் அது. அங்கே பட்டன் காசும் நின்றால் என்ன ஆகும்? பட்டினி. கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடும்பம் குடும்பமாகக் கப்பல் ஏறினார்கள்.

இப்போது அதே கண்ணாடி மாளிகைக்குள் இன்னொரு பக்கம் போவோம். 1851ல் அங்கே குரோஷா வேலைப்பாடும் பார்வைக்கு இருந்தது. எலியோனோர் ரியேகோ டி லா பிராஞ்சார்தியேர் என்று ஒரு பெண்மணி (பெயரைத் தட்டச்சு செய்வதற்குள் மூச்சு வாங்குகிறது!), 1840களிலிருந்தே குரோஷா மாதிரிப் புத்தகங்கள் எழுதி வெளியிட்டவர், அந்தக் கண்காட்சியில் பதக்கம் வாங்கினார். ஒரு நூல் வேலை செத்துக்கொண்டிருந்த நேரத்தில், அதே கூரைக்கடியில் இன்னொரு நூல் வேலை ஏறிக்கொண்டிருந்தது.

குரோஷா ஏறியதற்குப் பின்னால் இருந்ததும் பட்டினிதான். 1845ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அடுத்த சில வருஷங்களில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேல் நாட்டைவிட்டுப் போனார்கள். கார்க் நகரப் பகுதியில் கன்னிமாடங்கள் ஏழைப் பிள்ளைகளுக்குக் குரோஷா சொல்லிக் கொடுத்தன. வடக்கே குளோன்ஸ் என்ற ஊரில் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் 1847ல் ஒரு ஆசிரியையை வரவழைத்துச் சொல்லிக் கொடுக்க வைத்தார். சில வருஷங்களிலேயே அந்த வட்டாரத்தில் 1,500 பேர் வரை இதைச் செய்ததாகச் சொல்வார்கள். ஊசி, நூல் உருண்டை, இரண்டு கை. வேறு முதலீடே இல்லை.

அவர்கள் பின்னியது சாதாரண வரிசைப் பின்னல் இல்லை. ரோஜா, இலை, மூவிலைக் கிளாவர் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்வார்கள். உள்ளே தடித்த நூலை வைத்து அதன்மேல் தையல் போடுவதால் பூ எழும்பி நிற்கும். திராட்சைக் குலை மாதிரி உருண்டைகள், குச்சியில் நூலைச் சுற்றி எடுத்து மேலே தையல் போட்ட வளையங்கள், அதே முறையில் பட்டன்கள் எல்லாம் உண்டு. (அந்த வளையத்துக்கும் டார்செட் பட்டனின் முதல் கட்டத்துக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். இங்கே கம்பி இல்லை, உள்ளேயும் நூல்.) பிறகு கோலம் மாதிரி வரைந்த துணியில் பூக்களையெல்லாம் முகம் கீழே இருக்கும்படி வைத்து நூலோட்டிப் பிடித்துக்கொண்டு, நடுவிலுள்ள இடைவெளியைக் குட்டிக் குட்டி முடிச்சுள்ள வலையால் நிரப்புவார்கள். முடிந்ததும் அடித்துணியைப் பிரித்து எடுத்துவிட்டால் லேஸ் தனியாக வந்துவிடும். ஒரு வீட்டுக்கு ஒரு பூ. ரோஜா செய்யும் வீட்டில் இலை செய்ய மாட்டார்கள். தங்கள் பூவின் ரகசியம் வெளியே போகக் கூடாது என்று விருந்தாளி வந்தால் ஊசியையும் வேலையையும் ஒளித்து வைப்பார்களாம். எல்லாப் பூவையும் சேர்த்து இணைப்பது வேறு ஆளின் வேலை.

இதற்கு மெஷின் வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை என்பதுதான் விசேஷம். ஆய்வுக்கூடத்தில் முயற்சி செய்கிறார்கள், ஆனால் கடையில் விற்கிற அசல் குரோஷா எதுவாக இருந்தாலும் ஒரு மனுஷர் கையால் போட்டதுதான். 1880களில் சுவிட்சர்லாந்துப் பக்கம், துணியில் மெஷின் எம்பிராய்டரி போட்டுவிட்டு அடித்துணியை ரசாயனத்தில் கரைத்துவிடும் முறையைக் கண்டுபிடித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் லேஸ் மாதிரியே இருக்கும். ஆனால் அது நகல்தான்.

அப்படியானால் குரோஷா போட்டவர்கள் நன்றாக இருந்திருக்க வேண்டுமே? டார்செட் பெண்களைக் கெடுத்தது மெஷின் என்றால், மெஷினே நுழைய முடியாத வேலையில் கூலி ஏறியிருக்க வேண்டும் அல்லவா?

அயர்லாந்தில் கொஞ்ச காலம் ஏறத்தான் செய்தது. பஞ்சத்தில் பல குடும்பங்களை அந்த ஊசி காப்பாற்றியது உண்மை. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அயர்லாந்துக் கைவேலைகளுக்கு என்று ஒரு கிராமமே அமைத்தார்கள். 1900களில் ஐரிஷ் குரோஷா பாரிஸ் ஃபேஷன் ஆனது. ஆனால் ஃபேஷன் இருந்தால் காசு, இல்லையென்றால் இல்லை. முதல் உலகப் போர் வந்ததும் அது முடிந்துபோனது.

இதற்கு இன்னும் தெளிவான உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆந்திராவில் கோதாவரிக் கரையில் நரசாப்பூர். 19ம் நூற்றாண்டில் மிஷனரிகள் மூலமாக அங்கேயும் குரோஷா லேஸ் வந்தது. 1970களின் கடைசியில் மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அங்கே போய் ஆராய்ச்சி செய்து, 1982ல் புத்தகமாக வெளியிட்டார். அப்போது அந்த வட்டாரத்தில் லேஸ் போடும் பெண்கள் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருக்கலாம் என்பது கணக்கு. அங்கேயும் பூ செய்பவர் வேறு, இணைப்பவர் வேறு. இணைக்கும் வேலைக்குத் தெலுங்கில் 'அதுகுபனி' என்று தனிப் பெயரே உண்டு. நூல் கொடுத்து, சரக்கு வாங்கி, ஏற்றுமதி செய்தவர்கள் எல்லாம் ஆண்கள். பெண்களுக்கோ ஒரு நாள் முழுக்க வேலை செய்தாலும் ஒரு ரூபாய்கூடத் தேறவில்லை. வயல் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. டார்செட்டில் பட்டனுக்கு வயலைவிட அதிகம், இங்கே வயலைவிடக் குறைவு!

காரணமாக மீஸ் சொல்வது முக்கியமானது. அந்தப் பெண்களை யாரும் தொழிலாளியாகவே பார்க்கவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் ஏதோ பின்னுகிறாள், கொடுத்தது லாபம் என்பதுதான் ஊர் பேச்சு. வெளியே வேலைக்குப் போவது கௌரவக் குறைச்சல் என்று அந்தப் பெண்களில் பலரும் நினைத்தார்கள். லேஸ் எங்கே போகிறது, யார் வாங்குகிறார்கள் என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. முன்னே ஞாபகம் வைக்கச் சொன்னேனே, டார்செட் பெண்ணுக்கு லண்டன் விலை தெரியாது என்று. அதே கதை, நூற்று முப்பது வருஷம் கழித்து, வேறு நாட்டில். மெஷின் மட்டும் இல்லை.

அதனால் 'மெஷின் வந்து கெடுத்தது' என்று டார்செட் கதையைச் சொல்லி முடிப்பது எனக்கு அரைக்கணக்காகவே படுகிறது. மெஷின் வேலையை எடுத்துக்கொண்டது சரி. ஆனால் இருநூறு வருஷம் ஒரு மாவட்டமே பட்டன் செய்து, கடைசியில் கைவிட்டுப் போனபோது அந்தப் பெண்கள் கையில் சேமிப்பு எதுவும் இல்லாமல் போனதே, அதற்கு மெஷின் மேல் பழி போட முடியாது. அந்த லாபமெல்லாம் ரோஸ் அட்டையிலும் மளிகைக் கடைக் கணக்கிலும் போய்விட்டது.

டார்செட்டுக்கு அப்புறம் என்ன ஆனது? 20ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லேடி லீஸ் என்ற சீமாட்டி பழைய பட்டன்களைத் தேடிச் சேர்த்து, தெரிந்த கிழவிகளைப் பிடித்து, லிட்செட் மின்ஸ்டர் என்ற ஊரில் தொழிலைத் திரும்பவும் தொடங்கினார். முதல் உலகப் போர் அதையும் நிறுத்தியது. இப்போது டார்செட் பட்டன் பொழுதுபோக்குக்காகச் செய்வது. கம்பி வளையத்துக்குப் பதில் திரைச்சீலை மாட்டும் பிளாஸ்டிக் வளையத்தைப் பயன்படுத்துகிறார்கள், ஈயப்பற்றும் வேண்டாம், துருவும் பிடிக்காது. பின்னிய ஸ்வெட்டரின் மிச்ச நூலிலேயே செய்துகொள்ளலாம் என்பதால் கலர் அச்சாகப் பொருந்தும். புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு பட்டனுக்கு அரைமணி நேரமாவது ஆகும். ஒரு ஸ்வெட்டருக்கு ஆறு பட்டன் என்றால் மூன்று மணி நேரம். அதையே தினம் 84 செய்தவர்கள் இருந்திருக்கிறார்கள், மெழுகுவத்தி வெளிச்சத்தில்.